வீட்டு வைஃபைக்கு பிரிண்டர் வாங்கப் போறீங்களா? விலைய கடைசியா பாருங்க

பிரிண்டர் வாங்கணும், எது நல்லா இருக்கும்னு யாராச்சும் கேட்டா நான் மாடல் பேர் சொல்றதில்ல, ரெண்டு கேள்விதான் கேப்பேன்: கடைசியா எப்போ பிரிண்ட் எடுத்தீங்க, அதுக்கு முந்தின தடவை எப்போ? மாசத்துக்கு எத்தனை பக்கம்னுதான் எல்லாரும் கேப்பாங்க, கடைக்காரரும் அதத்தான் கேப்பாரு, ஆனா வீட்டு பிரிண்டர்ல நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல செத்துப் போனது அடிக்காம சும்மா கெடந்துதான்.

இது எனக்கு பட்டுத்தான் தெரிஞ்சது. முதல்ல நான் வாங்கினது கடைல இருந்ததுலயே விலை கம்மியான கலர் கார்ட்ரிட்ஜ் பிரிண்டர், கம்பெனி பேர் வேணாம், வாங்கின புதுசுல நாலஞ்சு ஃபோட்டோ, கொஞ்சம் டிக்கெட்டு, பசங்க படம்னு அடிச்சிட்டு அப்புறம் ரெண்டு மாசம் தொடவே இல்ல. ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு, மறுநாள் காலைல கையெழுத்து போட்டு குடுத்தே ஆகணும்ங்கற ஒரு ஃபார்ம், போன்லேருந்து பிரிண்ட் குடுத்தா பேப்பர் வருது, எழுத்துக்கு குறுக்க வெள்ளை வெள்ளையா கோடு, சீப்பால வாரி விட்ட மாதிரி. நாசில் செக் அடிச்சேன். அது ஒரு டெஸ்ட் பக்கம், ஒவ்வொரு கலர்லயும் படிக்கட்டு மாதிரி சின்ன சின்ன கோடா வரும், எந்தப் படி விட்டுப் போகுதோ அந்த ஓட்டை அடைச்சிருக்குன்னு அர்த்தம். கருப்புல பாதி படி காணோம், மஞ்சள் மொத்தமாவே இல்ல. ஹெட் கிளீனிங் குடுத்தேன், திரும்ப குடுத்தேன், மூணாவது தடவை படி எல்லாம் வந்துடுச்சு, அதோட இங்க் தீந்துடுச்சுங்கற மெசேஜும் வந்துடுச்சு. அந்த கார்ட்ரிட்ஜ்ல நான் உருப்படியா எடுத்தது முப்பது பக்கம் இருந்தா பெருசு, மிச்சத்த கிளீனிங்கே குடிச்சிடுச்சு.

ஏன் இப்படின்னா, இங்க்ஜெட்ல, அதாவது திரவ இங்க்க துளித்துளியா தெளிச்சு அடிக்கற வகைல, இங்க் வெளிய வர்ற ஓட்டை தலைமுடி கனத்துல பாதி கூட இருக்காது, உள்ள இருக்கறது தண்ணில கரைச்ச சாயம், ரொம்ப நாள் அசையாம கெடந்தா வாயிலயே காஞ்சி உக்காந்துக்கும். கிளீனிங்னு சொல்றது வேற ஒண்ணும் இல்ல, அந்த ஓட்டை வழியா இங்க்க வேகமா உறிஞ்சி வெளிய தள்றது, அந்த இங்க் பிரிண்டருக்கு அடியில ஒரு பஞ்சுல போய் சேரும், அந்தப் பஞ்சும் ஒருநாள் நெறஞ்சி போய் பிரிண்டர் ஓடமாட்டேன்னு நிக்கும், அது தனிக்கதை, பின்னாடி வர்றேன். லேசர்ல இந்த வம்பே கெடையாது. டோனர்ங்கறது பிளாஸ்டிக் கலந்த மாவு மாதிரி பொடி, காயறதுக்கு அதுல ஈரமே இல்ல. அந்தப் பொடிய சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டுல பேப்பர்ல உருக்கி ஒட்டுது, அதனாலதான் பக்கம் சுடச்சுட வருது, மேல தண்ணி பட்டாலும் எழுத்து கலையாது. ஆறு மாசம் கழிச்சு ஆன் பண்ணாலும் முதல் பக்கமே பளிச்சுன்னு வரும்.

அதனால என் கணக்கு இதுதான். ரெண்டு பிரிண்டுக்கு நடுவுல மூணு வாரம் ஒரு மாசம்னு இடைவெளி விழற வீடு, அடிக்கறதும் பெரும்பாலும் ஃபார்ம், பில்லு, லெட்டர்னு எழுத்துதான்னா, கண்ண மூடிட்டு கருப்பு வெள்ளை லேசர் வாங்குங்க. கலர் இல்லையேன்னு வீட்ல முனகுவாங்க, முதல் மாசம் முனகுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க, வருஷத்துக்கு பத்து கலர் பக்கம் தேவைப்பட்டா வெளிய குடுத்து எடுத்துக்கலாம். வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் கலர்ல ஏதாச்சும் ஓடிட்டே இருக்கும், ஸ்கூல் போற பசங்க இருக்காங்க, வொர்க்ஷீட் அடிச்சு மாளலன்னா இங்க் டேங்க். அதாவது கார்ட்ரிட்ஜ் இல்லாம பாட்டில்லேருந்து இங்க்க நேரா தொட்டில ஊத்தற வகை. எப்சன் இத 2010ல முதல்ல விக்க ஆரம்பிச்சாங்க, இப்போ கேனான், எச்பி, பிரதர் எல்லார்கிட்டயும் இருக்கு.

விலை கம்மியான கார்ட்ரிட்ஜ் வகையை மொத்தமா ஒதுக்கிட வேணாம், அதுல ஒரே ஒரு நல்லது உண்டு. நிறைய சின்ன மாடல்ல பிரிண்ட் ஹெட், அதாவது அந்த இங்க் ஓட்டைங்க இருக்கற பாகம், கார்ட்ரிட்ஜோடயே சேந்து வரும், காஞ்சி போனா கார்ட்ரிட்ஜ மாத்தினா ஹெட்டும் புதுசாயிடும். இங்க் டேங்க்ல பல மாடல்ல ஹெட்டு பிரிண்டர் உள்ளயே இருக்கும், அது அடைச்சு கெட்டா சர்வீஸ் செலவு பிரிண்டர் விலைய நெருங்கிடும். அதனாலதான் டேங்க் வாங்கிட்டு மாசக்கணக்குல துணி போட்டு மூடி வைக்கறவங்கள பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்.

மாசத்துக்கு அஞ்சு பக்கம் கூட வராதுன்னா வாங்கவே வேணாம். நெஜமாத்தான் சொல்றேன், வெளிய எடுத்தாலே மிச்சம்.

இப்போ காசு. சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்ங்கறது பிரிண்டருக்குன்னே சொன்ன மாதிரி இருக்கும். பாக்ஸ் மேல இருக்கற விலைய விட்டுட்டு, அந்த மாடலுக்கு என்ன கார்ட்ரிட்ஜ் இல்ல டோனர் போடணும்னு நம்பர பாத்து, அதோட விலை, அதோட பேஜ் யீல்டு (தீர்றதுக்குள்ள எத்தனை பக்கம் அடிக்கும்ங்கற நம்பர்) ரெண்டையும் எழுதிக்கங்க. விலைய யீல்டால வகுத்தா ஒரு பக்கத்துக்கு எவ்ளோன்னு வந்துடும். உதாரணத்துக்கு பிரிண்டர் விலை 100ன்னு வச்சுக்குவோம், கார்ட்ரிட்ஜ் 20, அது 150 பக்கம் தரும்னா, 750 பக்கம் அடிக்கறதுக்குள்ள அஞ்சு கார்ட்ரிட்ஜ் வாங்கி இன்னொரு பிரிண்டர் காச செலவு பண்ணியிருப்பீங்க. அதே நேரத்துல டேங்க் பிரிண்டர் விலை 250, கருப்பு பாட்டில் 12, அது 4500 பக்கம் தரும்னா, 750 பக்கத்துக்கு செலவு வெறும் 2. விலை வித்தியாசம் 150 இருக்கே, அது ஈடாக எத்தனை பக்கம் ஆகும்னு உங்க வேகத்துல கணக்கு போட்டுப் பாருங்க, 1100 சொச்சம் பக்கத்துக்கு மேல ஓட்டினாத்தான் டேங்க் லாபம். மாசம் 20 பக்கம் அடிக்கறவங்களுக்கு அது நாலரை வருஷத்துக்கு மேல, மாசம் 100 அடிக்கறவங்களுக்கு ஒரு வருஷம். நான் போட்டது சும்மா கணக்குக்கு, உங்க கடை விலைய போட்டு நீங்களே பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை.

அந்த பேஜ் யீல்டுங்கற நம்பர் எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சா ஏமாற மாட்டீங்க. கலர் இங்க்ஜெட்டுக்கு ஐஎஸ்ஓ 24711, கருப்பு லேசருக்கு ஐஎஸ்ஓ 19752ன்னு ஸ்டாண்டர்டு இருக்கு, குறிச்சு வச்ச டெஸ்ட் பக்கத்த கார்ட்ரிட்ஜ் தீர்ற வரைக்கும் தொடர்ந்து அடிச்சு எண்ணுவாங்க. கருப்பு லேசர் டெஸ்ட் பக்கத்துல மை படற இடம் சுமார் 5 சதவீதம்தான், அதாவது ஒரு சின்ன லெட்டர் அளவு. பக்கம் பூரா நெருக்கமா எழுத்து இருந்தா அது கூடிடும், ஃபோட்டோன்னா கேக்கவே வேணாம். அது போக டெஸ்ட்ல தொடர்ந்து ஓட்டறாங்க, நம்ம வீட்ல நாலு நாளைக்கு ஒரு தடவை ஆன் பண்றோம், இங்க்ஜெட் ஒவ்வொரு தடவை எந்திரிக்கும்போதும் கொஞ்சம் இங்க்க துப்பி வாய கொப்பளிச்சுக்கும், அந்த இங்க் எல்லாம் நம்ம கணக்குலதான். அதனால இங்க்ஜெட்ல போட்டிருக்கறதுல பாதிதான் கெடைக்கும்னு மனசுல வச்சுட்டு கணக்கு போட்டா ஏமாத்தம் இருக்காது. லேசர்ல சாதாரண எழுத்து பக்கம்னா போட்டிருக்கறதுக்கு கிட்டக்க வரும்.

பாக்ஸோட வர்ற கார்ட்ரிட்ஜும் பல நேரம் பாதி நெறச்ச ஸ்டார்ட்டர்தான், லேசர்லயும் அதே கதை. டேங்க்ல பெரும்பாலும் முழு பாட்டில் குடுப்பாங்க, ஆனா முதல் தடவை குழாய் நெறைய கொஞ்சம் போயிடும். லேசர்ல இன்னொண்ணு கேட்டுக்கங்க, டிரம்மும் (டோனர் பொடிய பேப்பருக்கு கொண்டு போற உருளை) டோனரும் ஒண்ணா வருதா தனித்தனியான்னு. தனியா இருந்தா டோனர் விலை கம்மியா தெரியும், டிரம் பொதுவா 10000 பக்கத்த ஒட்டி மாத்த வேண்டி வரும், வீட்டு உபயோகத்துக்கு அது பல வருஷம், அதனால தனியா இருக்கறதுதான் எனக்குப் பிடிக்கும். மூணு கலரும் ஒரே கார்ட்ரிட்ஜ்ல இருக்கறது வேணாம், நீலம் தீந்தா சிகப்பு மஞ்சளையும் சேத்து தூக்கிப் போடணும்.

வேற கம்பெனி கார்ட்ரிட்ஜ் போட்டு சமாளிச்சுக்கலாம்னு நெனச்சு வாங்கறவங்க கொஞ்சம் நில்லுங்க. இப்போ நிறைய மாடல்ல கார்ட்ரிட்ஜ்ல சிப் இருக்கு, ஃபர்ம்வேர், அதாவது பிரிண்டர் உள்ள இருக்கற சாஃப்ட்வேர், அப்டேட் ஆனதும் நேத்து வரைக்கும் ஓடினது இன்னிக்கு ஏத்துக்க மாட்டேங்கும். சில மாடல் விலை சந்தேகப்படற அளவுக்கு கம்மியா இருக்கும், காரணம் பாத்தா எப்பவும் நெட்ல இருக்கணும், அவங்க இங்க்தான் போடணும்னு கண்டிஷன் பொடி எழுத்துல இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி அந்தப் பொடி எழுத்த படிங்க.

சரி, வயர்லெஸ்க்கு வருவோம். பாக்ஸ்ல வைஃபை சின்னம் போட்டிருந்தா போதும்னு நெனைக்கறோம், அது போதாது. பாக்ஸ்லயோ கம்பெனி சைட்லயோ ரெண்டு பேர தேடுங்க: ஏர்பிரிண்ட், மோப்ரியா. ஏர்பிரிண்ட் ஆப்பிளோடது, 2010ல ஐபோன்ல வந்தது. மோப்ரியா ஆண்ட்ராய்டு பக்கம், 2013ல கேனான், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் நாலு பேரும் சேந்து ஆரம்பிச்சது. ரெண்டும் இருந்துட்டா போன், டேப்லெட், லேப்டாப் எதுலேருந்தும் தனியா ஆப்போ டிரைவரோ (பிரிண்டரோட பேசறதுக்கு கம்ப்யூட்டர்ல போடற சாஃப்ட்வேர்) போடாம பிரிண்ட் போகும். கம்பெனி ஆப் இருந்தாத்தான் அடிக்க முடியும்ங்கற மாடல தொடாதீங்க, அஞ்சு வருஷம் கழிச்சு அந்த ஆப் இருக்கும்னு யார் கண்டா. நெட் வழியா பிரிண்ட் அனுப்ப கூகுள் கிளவுட் பிரிண்ட்னு ஒரு சேவை இருந்துச்சு, அத நம்பி வாங்கினவங்க 2020 டிசம்பர் 31ஓட அத கூகுள் மூடினப்போ திருதிருன்னு முழிச்சாங்க. விண்டோஸ் பக்கமும் 2023ல மைக்ரோசாஃப்ட், கம்பெனிங்க தனித்தனியா செய்யற டிரைவர விண்டோஸ் அப்டேட் வழியா தர்றத படிப்படியா நிறுத்தப் போறோம்னு சொல்லிட்டாங்க. செகண்ட் ஹேண்ட்ல பழைய மாடல் வாங்கறவங்க இத முக்கியமா பாக்கணும், பத்து வருஷத்துக்கு முந்தின மலிவு லேசர் பலதுக்கு டிரைவர் இல்லாம ஒரு எழுத்து கூட அடிக்கத் தெரியாது.

அடுத்தது, மலிவு பிரிண்டர்ல பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் இருக்கும், அது குறை இல்ல, பிரிண்டுக்கு அந்த வேகம் தாராளம், சுவத்தையும் நல்லா தாண்டும். தலைவலி செட்டப்லதான். எங்க வீட்ல ரவுட்டர மாத்தினேன், புதுசு 2.4, 5 ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சுக்கற வகை, பாஸ்வேர்டும் பழசே போட்டேன், எல்லாம் தானா ஒட்டிக்கும்னு நெனச்சா பிரிண்டர் மட்டும் நீல லைட்ட சிமிட்டிட்டே இருக்கு. ஒன்றரை மணி நேரம் போராடினேன். கடைசில பாத்தா ரவுட்டர்ல செக்யூரிட்டி டபிள்யூபிஏ3ங்கற புது வகை மட்டும்னு இருந்துச்சு, பிரிண்டருக்கு அதுக்கு முந்தின டபிள்யூபிஏ2தான் தெரியும். ரெண்டும் கலந்த மோடுக்கு மாத்தின அடுத்த நொடி லைட்டு நின்னு எரிஞ்சிடுச்சு. உங்களுக்கு இது சரிவரலன்னா 5 கிகாஹெர்ட்ஸ அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணிட்டு பிரிண்டர சேத்துட்டு திரும்ப ஆன் பண்ணுங்க, பல பேருக்கு அதுல முடிஞ்சிடும்.

பிரிண்டர் நெட்வொர்க்ல சேந்துடுச்சு ஆனா போன்ல மட்டும் தெரியலன்னா, போன் கெஸ்ட் நெட்வொர்க்ல (விருந்தாளிங்களுக்குன்னு ரவுட்டர் தர்ற தனி வைஃபை) இருக்கான்னு பாருங்க. கெஸ்ட்ல இருக்கறது வீட்டு சாதனங்கள பாக்க முடியாதபடிதான் ரவுட்டர் வச்சிருக்கும், சில ரவுட்டர்ல ஏபி ஐசோலேஷன்னு ஒரு டிக் இருக்கும், அது மெயின் நெட்வொர்க்ல ஆன்ல இருந்தாலும் இதே வியாதிதான்.

எல்லாம் ஓடிட்டு இருந்து ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் லேப்டாப்ல ஆஃப்லைன்னு காட்டும். பிரிண்டருக்கு ஒண்ணும் ஆகல, ரவுட்டர் அதுக்கு வேற ஐபி அட்ரஸ் (நெட்வொர்க்ல அத கண்டுபிடிக்கற நம்பர்) குடுத்துடுச்சு, லேப்டாப் பழைய அட்ரஸ்லயே போய் கதவ தட்டிட்டு இருக்கு. ரவுட்டர் செட்டிங்ல அட்ரஸ் ரிசர்வேஷன்னு இருக்கும், பிரிண்டர் பேர தேர்ந்தெடுத்து ஒரு அட்ரஸ்ஸ நிரந்தரமா ஒதுக்கிட்டா அந்தத் தொல்லை அதோட போச்சு. இத வாங்கின அன்னிக்கே செஞ்சிடுங்க.

காச மிச்சப்படுத்த ஒரு வழி சொல்றேன், இது நிறைய பேருக்கு தோணறதில்ல. வயர்லெஸ்ஸா இருக்க வேண்டியது உங்க வீடு, பிரிண்டர் வயர்ல இருந்தா ஒண்ணும் குத்தம் இல்ல. லேன் போர்ட் இருக்கற பிரிண்டர ரவுட்டர் பக்கத்துல வச்சு ஒரு கேபிள் சொருகிட்டா வீட்ல இருக்கற எல்லாரும் வைஃபைலேருந்தே அடிக்கலாம், பாஸ்வேர்டு மாத்தினாலும் அதுக்கு கவலை இல்ல, மேல சொன்ன பாதி தலைவலி வராது. வெறும் யூஎஸ்பி மட்டும் இருக்கற பழைய லேசர் ஒண்ணு நல்லா ஓடிட்டு இருக்குன்னா அத தூக்கிப் போடாதீங்க. ரவுட்டர்ல யூஎஸ்பி போர்ட்டும் பிரிண்ட் சர்வர் வசதியும் இருந்தா முதல்ல அதுல சொருகிப் பாருங்க. இல்லன்னா சும்மா கெடக்கற பழைய கம்ப்யூட்டர்லயோ ராஸ்பெர்ரி பைங்கற கையடக்க குட்டி கம்ப்யூட்டர்லயோ லினக்ஸ் போட்டு கப்ஸ்ங்கற சாஃப்ட்வேர்ல ஷேர் பண்ணிட்டா, அந்த பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கற பட்சத்துல, போன்லயே ஏர்பிரிண்ட் மாதிரி தெரியும். ஒரு சாயங்காலம் உக்காந்தா முடியற வேலை, செலவு கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல.

வைஃபை டைரக்ட்னு போட்டிருந்தா அத வீட்டு வைஃபைன்னு நெனச்சுக்காதீங்க. அது போனும் பிரிண்டரும் ரவுட்டர் இல்லாம நேரா பேசிக்கறது, அவசரத்துக்கு நல்லது, தினசரிக்கு கஷ்டம்.

மத்த அம்சத்துல எது வேணும் எது வேணாம்னு கேட்டா, ரெண்டு பக்கமும் தானா அடிக்கற ஆட்டோ டூப்ளெக்ஸ்க்கு கொஞ்சம் கூட குடுக்கலாம், பேப்பர் பாதியாகும். ஸ்கேனர் கண்டிப்பா வேணும்னு இல்ல, போன் கேமரா ஆப்பே பல வேலைக்கு போதும், ஆனா ஐடி கார்டு, சர்ட்டிஃபிகேட்னு அடிக்கடி காப்பி எடுக்கற வீடுன்னா கண்ணாடி வச்ச ஸ்கேனர் இருக்கற மாடல் வாங்கிக்கங்க. டிபிஐ (ஒரு இஞ்ச்ல எத்தனை புள்ளி), நிமிஷத்துக்கு எத்தனை பக்கம்ங்கறதெல்லாம் வீட்டுக்கு பாக்கவே வேணாம். இங்க்ஜெட் வாங்கினா அந்த வேஸ்ட் இங்க் பஞ்சு இருக்கு பாருங்க, அத நாமளே மாத்தற மாதிரி மெயின்டெனன்ஸ் பாக்ஸா குடுத்திருக்காங்களான்னு மட்டும் பாத்துக்கங்க, அது இல்லாத மாடல்ல பஞ்சு நெறஞ்சா சர்வீஸ் சென்டர்தான் கதி. லேசர்னா சின்ன யூபிஎஸ்ல சொருகாதீங்க, சூடு ஏத்தற நேரத்துல கரண்ட்ட மொத்தமா இழுக்கும், யூபிஎஸ் கத்தி அடங்கிடும், நேரா சுவத்துல சொருகுங்க.

கடைல டெமோ பீஸ் ஓடிட்டு இருந்தா, உங்க போனயே அந்த வைஃபைல சேத்து, ஆப் எதுவும் இறக்காம ஒரு பிடிஎஃப் அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. ஆன்லைன்ல வாங்கினா ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள வீட்ல இருக்கற ஒவ்வொரு போன்லேருந்தும் ஒரு பக்கம் அடிச்சுப் பாத்துடுங்க, லேப்டாப்லேருந்து ஸ்கேன் வருதான்னும் பாருங்க, பாக்ஸ அதுவரைக்கும் கிழிச்சுப் போடாதீங்க.

இங்க்ஜெட் வச்சிருக்கறவங்க ஆஃப் பண்ணும்போது பிரிண்டர்ல இருக்கற பட்டனத்தான் அமுக்கணும், சுவத்து ஸ்விட்ச்ச அணைக்கக் கூடாது. பட்டன அமுக்கினா ஹெட்டு ஓரமா போய் மூடியில உக்காந்துட்டு தூங்கும், ஸ்விட்ச்ச அணைச்சா வாய தொறந்தபடியே நின்னு காயும். வாரம் ஒரு நாசில் செக் அடிச்சுடுங்க, அதுக்கு ஆகற இங்க் ஒரு துளி, கிளீனிங்குக்கு ஆகறது அதவிட எவ்ளோ மடங்கு. டேங்க் பிரிண்டர சாய்ச்சுத் தூக்கிட்டு போகாதீங்க, வீடு மாறும்போது என் நண்பர் ஒருத்தர் கார் சீட்ல படுக்க வச்சு கொண்டு போனாரு, சீட்டு இன்னும் நீலமாத்தான் இருக்கு.

பழச யாருக்காச்சும் குடுக்கறீங்கன்னா முதல்ல ஃபேக்டரி ரீசெட், உங்க வைஃபை பாஸ்வேர்டு அதுக்குள்ள இருக்கும். புதுசுல செட்டப் முடிஞ்ச கையோட டோனர் இல்ல இங்க் நம்பரையும் அந்த ரிசர்வ் பண்ண ஐபி அட்ரஸையும் ஒரு ஸ்டிக்கர்ல எழுதி பேப்பர் டிரே பக்கத்துல ஒட்டிடுங்க. நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்குத்தான் வீட்ல பிரிண்டர் மக்கர் பண்ணும், போன்ல கேக்கும்போது அத படிச்சுக் காட்ட அவங்களுக்கு வசதியா இருக்கும்.